கூட்டுழைப்பு, தொழில் புதுமைப் புத்தகங்களைப் படித்து வேலைக்கு இறக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையம் வழியாகப் பலர் சேர்ந்து உழைப்பது, அதிலிருந்து புதுப் பொருளும் புதுத் தொழிலும் பிறப்பது பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் நிறையப் புத்தகங்கள் வந்துவிட்டன. படிக்கும்போது உற்சாகம் பொங்கும். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் எங்கே தொடங்குவதென்று தெரியாது. சிறு நிறுவனம் நடத்துபவர்களும் குழுவை நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவர்கள் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டே போகும்.

"இந்த வகைப் புத்தகம்னு எதைச் சொல்றீங்க? எல்லாம் ஒரே கதையைத்தானே சொல்லுது?"

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் நாலு தினுசு. வேலையை உள்ளிருந்து செய்தவர் எழுதியது ஒன்று. எரிக் ரேமண்ட் 1997இல் கட்டுரையாக வாசித்து, 1999இல் புத்தகமான 'தி கதீட்ரல் அண்ட் தி பஜார்' இந்த இனம். கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ் பலர் கையால் உருவான விதத்தைத் தன் சொந்த மென்பொருள் ஒன்றில் சோதித்துப் பார்த்து எழுதினார். ஆய்வாளர்கள் எழுதியது இன்னொன்று: ஹென்றி செஸ்ப்ரோவின் 'ஓப்பன் இன்னொவேஷன்' (2003), எரிக் வான் ஹிப்பலின் 'டெமாக்ரடைசிங் இன்னொவேஷன்' (2005), யோக்காய் பெங்க்லரின் 'தி வெல்த் ஆஃப் நெட்வொர்க்ஸ்' (2006). மெதுவாக நகரும், ஆனால் 'ஏன் இப்படி நடக்கிறது' என்பதற்கு விடை இவற்றில்தான் கிடைக்கும்.

மூன்றாவது, உதாரணங்களைக் கோத்து எழுதியது. டான் டாப்ஸ்காட்டும் அந்தோனி வில்லியம்ஸும் 2006இல் கொண்டுவந்த 'விக்கினாமிக்ஸ்' இதில் அடங்கும். நாலாவது, செய்முறைக் கையேடு: கார்ல் ஃபோகலின் 'ப்ரொட்யூசிங் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' (2005) போன்றவை. எந்தத் தினுசு என்று பார்த்துவிட்டுக் கையில் எடுங்கள். கையேட்டில் உற்சாகத்தைத் தேடினால் தூக்கம் வரும். உதாரணத் தொகுப்பில் செய்முறையைத் தேடினால் கைமுதல் போகும்.

"எதுல ஆரம்பிக்கறது? எல்லாத்தையும் வாங்கக் காசு இல்லை."

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. மேலே சொன்னவற்றில் ரேமண்ட், வான் ஹிப்பல், பெங்க்லர், ஃபோகல் ஆகிய நால்வரும் தங்கள் எழுத்தை முறைப்படி இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறார்கள். திருட்டுப் பிரதி தேடி அலைய வேண்டாம்.

முதலில் ரேமண்டின் மூலக் கட்டுரை. ஒரு மாலையில் முடிந்துவிடும். அடுத்து, உதாரணத் தொகுப்பு ஒன்றிலிருந்து ஒரே ஒரு அத்தியாயம். மூன்றாவதாக, இணையத்துக்கு முந்தைய புத்தகமானாலும், ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975இல் எழுதிய 'தி மிதிக்கல் மேன்-மந்த்'. தலைப்பாக உள்ள அந்த ஒரு அத்தியாயம் போதும். முதல் இரண்டும் ஏற்றிவிட்ட சூட்டை அது தணிக்கும்.

"இங்கிலீஷ்ல வேகமா படிக்க வராது. முழுசா படிச்சாத்தான் ஆச்சா?"

உதாரணத் தொகுப்புகளை முழுதாகப் படிக்காமல் இருப்பதே நல்லது. ஒரே வாதத்தை இருபது நிறுவனங்களின் பெயரில் திரும்பச் சொல்லியிருப்பார்கள். உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் வரும் ஒரு நிகழ்வை மட்டும் எடுத்து, ஒரு முழுத்தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: என்ன திறந்துவிட்டார்கள்? யாரைக் கேட்டார்கள்? கைம்மாறாக என்ன கொடுத்தார்கள்? கடைசி முடிவை யார் எடுத்தார்? வெற்றிக்கு வேறு என்ன காரணம் இருந்திருக்கலாம்?

முதல் நாலு கட்டத்தைப் புத்தகமே நிரப்பிவிடும். ஐந்தாவதை நிரப்பப் புத்தகத்துக்கு வெளியே போக வேண்டும். அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை, அந்த ஆண்டுச் செய்திகள், அந்தப் பொருளின் சந்தை விலை, இவ்வளவு பார்த்தால் போதும். ஒரு நிகழ்வுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். ஐந்தாவது கட்டத்தைக் காலியாக விட்டால், நீங்கள் படித்தது கதை மட்டுமே.

"ஒரு உதாரணத்தை வெச்சு அந்தத் தாளை நிரப்பிக் காட்டுங்களேன்."

எல்லாரும் மேற்கோள் காட்டுவது கனடாவின் கோல்ட்கார்ப் நிறுவனத்தை. அதன் தலைவர் ராப் மெக்யூவன் லினக்ஸ் உருவான விதத்தைப் பற்றி 1999இல் ஒரு கருத்தரங்கில் கேட்டார். 2000 மார்ச்சில், ஒன்டாரியோ மாகாணத்து ரெட் லேக் சுரங்கத்தின் நிலவியல் தரவு முழுவதையும் இணையத்தில் வைத்தார். சுமார் 55,000 ஏக்கர், 400 மெகாபைட். முதல் கட்டம் நிறைந்தது. இரண்டாவது கட்டம்: உலகில் யார் வேண்டுமானாலும். ஐம்பது நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நிலவியலாளர் மட்டுமல்ல, கணிதக்காரர்களும் கணினி வரைகலைக்காரர்களும் இருந்தார்கள். மூன்றாவது: மொத்தம் 5,75,000 டாலர் பரிசு. முதல் பரிசை ஆஸ்திரேலிய நிறுவனங்கள் இரண்டு சேர்ந்து வாங்கின. நாலாவது: எங்கே துளையிடுவது என்பதை நிறுவனமே தீர்மானித்தது. 'விக்கினாமிக்ஸ்' தரும் கணக்குப்படி 110 இடங்கள் சுட்டப்பட்டன. அவற்றில் பாதி நிறுவனத்துக்கே புதியவை. அந்தப் புது இடங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் கணிசமான தங்கம் கிடைத்தது.

இப்போது ஐந்தாவது கட்டம். பத்து கோடி டாலர் நிறுவனம் 900 கோடி டாலர் நிறுவனமாக வளர்ந்தது என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் அதே சுரங்கத்தில் 1995லேயே நிறுவனத்தின் சொந்தத் துளையிடல் செறிவான தங்கப் படிவத்தைக் கண்டுபிடித்திருந்தது. 2000இல் அவுன்ஸ் 300 டாலருக்குக் கீழே கிடந்த தங்கம் 2006இல் 600 டாலரைத் தாண்டியது. 2005இல் வீட்டன் ரிவர் என்ற இன்னொரு சுரங்க நிறுவனத்தோடு இணைப்பும் நடந்தது. இவை மூன்றையும் எழுதிய பிறகு போட்டியின் மதிப்பு குறைகிறதா? ஓரளவு குறைகிறது. ஆனாலும் புது இடங்களைச் சுட்டியது வெளியாட்கள்தான், அது நிற்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது 900 கோடியை அல்ல. அவர்களிடம் தெளிவான ஒரே கேள்வி ('அடுத்த 60 லட்சம் அவுன்ஸ் எங்கே இருக்கிறது?'), கேள்விக்குத் தேவையான முழுத் தரவு, பதிலைச் சோதிக்கத் துளையிடும் இயந்திரம் ஆகிய மூன்றும் தயாராக இருந்தன. அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"எங்ககிட்ட தங்கச் சுரங்கம் இல்லை. ஒரு அச்சகம், பன்னிரண்டு பேர். இங்க இதெல்லாம் எப்படி?"

மேலே சொன்ன மூன்றையும் சின்ன அளவில் செய்யலாம். முதலில் கேள்வி. 'வேஸ்டைக் குறைப்பது எப்படி?' என்று கேட்டால் 'கவனமா வேலை செய்யணும்' என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: 'நாலு கலர் வேலைக்கு ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) சரியாக உட்காருவதற்குள் 150 தாள் போகிறது. மெஷினை மாற்றாமல், 5,000 ரூபாய்க்குள் செலவு செய்து, இதை 90 ஆக்க என்ன செய்யலாம்?' இப்போதைய எண், எட்ட வேண்டிய எண், மாற்றக் கூடாதது, செலவு வரம்பு என நாலும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன.

அடுத்தது தரவு. கடைசி இருபது வேலைகளுக்கு எந்தத் தாள், எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனம்), எந்த ஆபரேட்டர், எத்தனை தாள் வீண் என்று ஒரு பகிர்ந்த ஷீட்டில் போடுங்கள். இதை எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும், அதுவும் லாபம்தான். பிறகு மூன்று வாரக் கெடு வைத்து, கடைசித் தேதியை முதல் நாளே அறிவியுங்கள். வரும் யோசனைகளில் இரண்டை எடுத்து ஒவ்வொன்றையும் ஐந்து வேலையில் ஓட்டிப் பாருங்கள். எந்த இரண்டு என்பதை ஒருவர் மட்டும் முடிவு செய்யட்டும். எடுக்காத யோசனைகளுக்கும் ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரி பதில் போக வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். அடுத்த முறை கேட்கும்போது யாரும் வாய் திறக்காமல் போவதற்கு அதுதான் காரணம்.

"வெளியாளுக்கு நம்ம தொழில்ல என்ன தெரியும்?"

உங்கள் தொழில் தெரியாது. உங்கள் சிக்கலைப் போன்ற ஒன்றை அவர் தொழிலில் எப்போதோ தீர்த்திருப்பார். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியது. அப்படிக் கொட்டிய எண்ணெயை அள்ளிப் படகில் சேர்த்தாலும், குளிரில் தண்ணீரோடு சேர்ந்து கூழாக உறைந்துவிடும், வெளியே இறைக்க முடியாது. எண்ணெய்த் துறைக்காரர்களுக்கு இது பல ஆண்டுத் தலைவலி. 2007இல் இன்னோசென்டிவ் தளத்தில் 20,000 டாலர் பரிசோடு இதைக் கேள்வியாக வைத்தார்கள். தீர்த்தவர் இல்லினாய் மாநிலத்து வேதியியலாளர் ஒருவர். கான்கிரீட் இறுகாமலிருக்க அதற்குள் விடும் வைப்ரேட்டரை எண்ணெய்க்குள் விடலாமே என்றார். நம்மூர்க் கொத்தனாருக்கும் அந்தக் கருவி தெரியும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சிக்கலை உங்கள் துறை மொழியைக் களைந்து எழுத வேண்டும். 'உறைந்த எண்ணெய்' என்று எழுதினால் எண்ணெய்க்காரர் மட்டும் வருவார். 'அசையாதிருந்தால் கெட்டியாகும் கூழ்' என்று எழுதினால்தான் கான்கிரீட்காரரும் நின்று படிப்பார். எழுதிய கேள்வியை வேறு தொழிலில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, அவர் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

"கேள்வியை வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். அறுபது பேர்ல ஒருத்தர்கூட வாய் திறக்கலை."

எதிர்பார்க்க வேண்டியதுதான். இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்ப்பவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது பேசுபவர்கள், ஒருவர்தான் தொடர்ந்து பங்களிப்பவர் என்று ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். அறுபதில் ஒரு விழுக்காடு என்றால் முழுதாக ஒரு ஆள்கூட இல்லை. ஆகவே குழுவுக்குப் போடுவதோடு நிறுத்தாமல், விடை தெரிந்திருக்கக்கூடிய நாலைந்து பேரைப் பெயர் சொல்லித் தனியாகக் கேளுங்கள். அவர்கள் பதிலைக் குழுவில் போடச் சொன்னால், மற்றவர்களும் பின்னால் வருவார்கள்.

இன்னொரு காரணம் வாசல்படியின் உயரம். விக்கிப்பீடியாவுக்கு முன் அதே ஆட்கள் 2000இல் நியூபீடியா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கட்டுரையும் நிபுணர்களின் ஏழு படிச் சோதனையைத் தாண்ட வேண்டும். 2003இல் அதை மூடும்வரை முப்பது கட்டுரைகூடத் தேறவில்லை. யாரும் திருத்தலாம் என்று 2001 ஜனவரி 15இல் திறந்த விக்கிப்பீடியா ஒரே ஆண்டில் 20,000ஐ நெருங்கியது. உங்கள் படிவத்தில் எத்தனை கட்டங்கள் என்று எண்ணுங்கள். பெயர், யோசனை என்ற இரண்டுக்கு மேல் இருந்தால் வெட்டுங்கள்.

"விக்கிப்பீடியா மாதிரி ஜனங்க சும்மாவே உழைப்பாங்கதானே? பரிசு எதுக்கு?"

உழைப்பின் பலன் யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்தவர்களும் மெய்ப்புப் பார்த்தவர்களும் ஒரு காசு வாங்கவில்லை. செய்தது எல்லாருக்கும் பொது. அதே உழைப்பை ஒரு நிறுவனம் தன் விற்பனைக்குக் கேட்டால் பதில் வேறாக இருக்கும், இருக்கவும் வேண்டும். லினக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகத் தொடங்கியது உண்மை. ஆனால் இன்று அதன் மையப் பகுதியான கருநிரலில் பெரும்பகுதியை எழுதுபவர்கள் அதற்காகவே நிறுவனங்களில் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள்.

லாபம் உங்களுக்கு என்றால் பங்கை முன்பே சொல்லிவிடுங்கள். லெகோ ஐடியாஸ் தளத்தில் ஒரு வடிவமைப்பு 10,000 ஆதரவு பெற்றால் நிறுவனம் பரிசீலிக்கும். பொருளாக வந்தால் வடிவமைத்தவருக்கு நிகர விற்பனையில் 1 விழுக்காடு. குறைவுதான், ஆனால் எவ்வளவு என்பது முதல் நாளே தெரியும், சண்டை வராது.

"கூட்டத்தோட அறிவு நிபுணரைவிடப் பெருசுன்னு படிச்சேன். அப்ப எல்லாத்தையும் ஓட்டுக்கு விட்டுடலாமா?"

கூடாது. அந்த வாதத்துக்கு எல்லாரும் காட்டும் சான்று 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் கண்காட்சி. ஒரு மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை தேறும் என்று ஊகிக்கும் போட்டி. ஃபிரான்சிஸ் கால்டன் 787 சீட்டுகளை வாங்கிக் கணக்கிட்டார். நடுமதிப்பு 1,207 பவுண்டு, உண்மை எடை 1,198. ஆச்சரியம்தான். ஆனால் நிபந்தனைகளைக் கவனியுங்கள். ஆளுக்கு ஆறு பென்னி கட்டணம், அதனால் விளையாட்டுக்கு எழுதியவர் குறைவு. அடுத்தவர் எழுதியதைப் பார்க்க வழியில்லை. விடை ஒரு எண். கடைசியில் தராசு தீர்ப்புச் சொன்னது.

வாட்ஸ்அப்பில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. முதலில் முதலாளி 'ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும்ல?' என்று போட்டால் கீழே எல்லாரும் 'ஆமா சார்' என்றுதான் போடுவார்கள். மதிப்பீடு வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. தனித்தனியாக எண்ணை எழுதி மடித்துக் கொடுத்த பிறகு பிரியுங்கள். நடு எண்ணைக் குறித்துக்கொண்டு, மிக அதிகமாகவும் மிகக் குறைவாகவும் எழுதியவர்களைக் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் மற்றவர்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"ஆள் கூடினா வேலை சீக்கிரம் முடியணுமே, எங்களுக்கு ஏன் இழுக்குது?"

ப்ரூக்ஸ் ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருள் வேலையை நடத்திவிட்டு எழுதியது இதுதான்: தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் இன்னும் தாமதமாகும். புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க வேலை தெரிந்தவரின் நேரம்தான் போகிறது. பேச்சுத் தொடர்பும் பெருகுகிறது: ஆள் எண்ணிக்கையை அதிலிருந்து ஒன்று குறைத்துப் பெருக்கி இரண்டால் வகுங்கள். 5 பேருக்கு 10 தொடர்பு, 12 பேருக்கு 66, 30 பேருக்கு 435.

லினக்ஸில் ஆயிரக்கணக்கானோர் எப்படி? அவர்கள் எல்லாரும் எல்லாரோடும் பேச வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. திருத்தம் அவரிடம் போய், அவர் ஏற்றால்தான் மேலே போகும். வேலையை ஒன்றையொன்று சாராத துண்டுகளாகப் பிரிக்க முடிந்தால் கூட்டம் உதவும். பிரிக்க முடியாத வேலைக்கு மூன்று பேர் போதும், மற்றவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள்.

"'பல கண் பார்த்தால் பிழை தங்காது'ன்னு ரேமண்ட் எழுதியிருக்காரே. அப்ப திறந்து வெச்சா பாதுகாப்புதானே?"

பார்த்தால் தங்காது, சரி. திறந்து வைத்தால் பார்ப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இணையத் தகவல்களை மறையாக்கிக் காக்க இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்பிளீட் பிழை 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் நுழைந்தது, 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. இரண்டு ஆண்டும் நிரல் எல்லார் கண்முன்னேதான் கிடந்தது. 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் யாரோ திட்டமிட்டு ஒளித்த பின்கதவை (பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழியை) கண்டுபிடித்ததும் ஒரே ஆள்தான். சர்வரில் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று உறுத்தித் தோண்டிப் பார்த்தார். அந்தப் பின்கதவை வைத்தவர் இரண்டாண்டு பொறுமையாக நல்ல திருத்தங்கள் அனுப்பி, சோர்ந்துபோன பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர்.

நடைமுறையில்: பொதுவில் வைக்கும் எதற்கும், அது விலைப் பட்டியலானாலும் சரி, பார்க்க வேண்டியவர் பெயரையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் எழுதி வையுங்கள். எல்லார் பொறுப்பும் யார் பொறுப்பும் இல்லை.

"போட்டி வெச்சோம், அருமையான தீர்வு வந்துச்சு. ஆனா அதை உபயோகிக்கவே முடியலை."

நெட்ஃபிளிக்ஸுக்கும் இதுவேதான். 2006 அக்டோபரில், படப் பரிந்துரையின் துல்லியத்தை 10 விழுக்காடு கூட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தது. 2009 செப்டம்பரில் பரிசைக் கொடுத்தது. இரண்டு குழுக்கள் ஒரே அளவு துல்லியத்தை எட்டியிருந்தன. இருபது நிமிடம் முன்னால் அனுப்பிய குழு வென்றது. ஆனால் வென்ற தீர்வு நூற்றுக்கணக்கான முறைகளின் கலவை, அதை ஓட்டும் பொறியியல் செலவுக்குக் கூடுதல் துல்லியம் ஈடாகவில்லை. தொழிலும் அதற்குள் தபாலில் டிவிடி அனுப்புவதிலிருந்து இணைய ஒளிபரப்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. இடைக்காலப் பரிசு வாங்கிய எளிய முறைகளில் இரண்டுதான் பயன்பாட்டுக்குப் போயின.

ஆகவே போட்டி விதியில் துல்லியத்தோடு செலவையும் எழுதுங்கள்: 'நம்மிடம் இருக்கும் கணினியில் பத்து நிமிடத்துக்குள் ஓட வேண்டும்', 'ஒரு ஆபரேட்டர் அரை நாளில் கற்க வேண்டும்'. அச்சகக் கேள்வியில் 5,000 ரூபாய் வரம்பு வைத்தது இதற்குத்தான்.

"தரவைத் திறந்தா போட்டிக்காரன் எடுத்துக்க மாட்டானா?"

கோல்ட்கார்ப் பயப்படாததற்குக் காரணம் தைரியம் மட்டுமல்ல. நிலமும் சுரங்க உரிமையும் அவர்களுடையவை, தரவை எடுத்தவர் அங்கே போய்த் தோண்ட முடியாது. உங்களுக்கும் அதே சோதனைதான்: இந்த ஷீட் நாளை போட்டியாளர் கைக்குப் போனால் அவர் அதை வைத்து என்ன செய்ய முடியும்? தாள் வீணாகும் கணக்கை வைத்து எதுவும் செய்ய முடியாது. வாடிக்கையாளர் பட்டியலையும் விலையையும் வைத்து நிறையச் செய்யலாம். முதலாவதைத் திறங்கள், இரண்டாவதைப் பூட்டுங்கள்.

மனிதர்களைப் பற்றிய தரவு என்றால் பெயரை நீக்கினாலும் போதாது. நெட்ஃபிளிக்ஸ் பெயர் நீக்கிக் கொடுத்த மதிப்பெண்களை வேறொரு தளத்தில் பொதுவாகக் கிடந்த மதிப்பெண்களோடு ஒப்பிட்டு, ஆட்களை அடையாளம் காண முடியும் என்று டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் காட்டினார்கள். இரண்டாவது போட்டியை நிறுவனம் 2010இல் கைவிட்டது.

"யோசனை குடுத்தவர் நாளைக்கு உரிமை கேட்டா?"

இந்தியச் சட்டத்தில் கவனிக்க மூன்று இடங்கள். ஊழியர் வேலையின் பகுதியாக உருவாக்கிய எழுத்து, வடிவம், நிரல் ஆகியவற்றின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்கு. வெளியாள் உருவாக்கினால் பொதுவாக அவருக்கே. உங்களுக்கு வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித் தர வேண்டும். அந்தத் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் 'ஓகே சார், வெச்சுக்கோங்க' என்று வந்ததை நம்பி முதலீடு செய்யாதீர்கள்.

மூன்றாவது காப்புரிமை. விண்ணப்பிக்கும் முன் பொதுவில் வெளியிட்டுவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, புதுமை போய்விட்டதாகக் கணக்கு. காப்புரிமைக்குத் தகும் பொருள் என்று தோன்றினால், கேள்வியைத் திறந்து வையுங்கள், தீர்வைத் தனி மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தொகை பெரியதென்றால் வழக்கறிஞருக்குச் செலவழிப்பது வீண் இல்லை.

"புத்தகத்துல புகழ்ந்த கம்பெனியே தடுமாறிப்போச்சு. அப்ப புத்தகம் பொய்யா?"

பொய் இல்லை, நேரம் தவறிய படம். 'விக்கினாமிக்ஸ்' 2006இல் போயிங் 787 விமானத்தை உலகளாவிய கூட்டுழைப்பின் முன்மாதிரியாகக் காட்டியது. வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் பெரும்பங்கு வெளிநிறுவனங்களுக்குப் போனது. 2007 ஜூலை 8 அன்று விழா எடுத்து வெளியே கொண்டுவந்த விமானம் பெரும்பாலும் வெறும் கூடு, தற்காலிக ஆணிகளில் நின்றது. 2008இல் கொடுக்க வேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் போய்ச் சேர்ந்தது. நடுவே, 2009இல், தென் கரோலினாவில் உடற்பகுதி செய்த வாட் நிறுவனத்தின் ஆலையைப் போயிங்கே விலைக்கு வாங்க நேர்ந்தது. பொதுமக்கள் யோசனைகளைப் பொருளாக்கிய குவர்க்கி 2009இல் தொடங்கி 2015இல் திவாலானது.

ஓடிக்கொண்டிருக்கும் குதிரையைப் பார்த்து அதன் ஒவ்வொரு பழக்கத்தையும் வெற்றிக்குக் காரணமாகச் சொல்வது மனித இயல்பு. எனவே எந்த உதாரணத்தையும் புத்தகம் வந்து ஐந்தாண்டு கழித்து என்ன ஆனது என்று பாருங்கள். தாளின் ஐந்தாவது கட்டத்தில் அதற்கும் இடம் விடுங்கள். விழுந்த நிறுவனத்திலிருந்து கற்பதற்கு அதிகம் இருக்கும். போயிங் கதையில் 'வேலைத் துண்டுகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும்' என்று முன்னால் பார்த்த பாடம் அப்படியே கிடக்கிறது.

"2006 புத்தகத்தை இந்த ஏஐ காலத்துல படிக்கணுமா?"

கருவிப் பெயர்கள் வரும் பக்கங்களைத் தாண்டிவிடுங்கள். மைஸ்பேஸ், செகண்ட் லைஃப் என்று வந்தால் கவலைப்படாமல் புரட்டலாம். யாரைக் கேட்பது, என்ன கொடுப்பது, யார் முடிவெடுப்பது என்பதற்குக் கருவி பதில் சொல்லாது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: யோசனைகளின் எண்ணிக்கை இனி பிரச்சினை இல்லை, ஐம்பது யோசனை ஒரு நிமிடத்தில் வந்துவிடும். சோதித்துப் பார்க்கும் மெஷின் நேரம்தான் தட்டுப்பாடு.

"வீட்டிலிருந்து வேலை பற்றிப் படிச்சு அமல்படுத்தினோம். இப்ப நாள் முழுக்க மீட்டிங்."

அலுவலகத்தில் காதில் விழுந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது, அதன் இடத்தில் எழுத்து வரவில்லை. அதனால் மீட்டிங் பெருகுகிறது. முடிவுக் குறிப்பேடு என்று ஒரே கோப்பு வையுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் தேதி, கேள்வி, முடிவு, காரணம், பொறுப்பாளர், மறுபடி பார்க்கும் நாள் என ஆறு வரி. 'மார்ச் 3. ஞாயிறு டெலிவரி வேண்டுமா? வேண்டாம். போன மாதம் மொத்தமே நாலு ஆர்டர். பொறுப்பு: கிடங்கு. ஜூன் 1 மறுபடி பார்ப்பது.' இவ்வளவுதான். இந்தக் கோப்பில் இருப்பதை மீட்டிங்கில் திரும்பக் கேட்கக் கூடாது என்ற ஒரு விதி போதும். ஊழியர்கள் எல்லாரும் அலுவலகத்துக்கு வெளியிலிருந்தே வேலை செய்யும் மென்பொருள் நிறுவனமான கிட்லேப் தன் கையேட்டைப் பொதுவிலேயே வைத்திருக்கிறது. அச்செடுத்தால் ஆயிரக்கணக்கான பக்கம், நகலெடுக்க முயல வேண்டாம். ஒரு பக்கத்தைப் படித்தால் எழுதும் முறை பிடிபடும்.

"முதலாளிக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன். மேசை மேலேயே கிடக்கு."

கிடக்கும். நிரப்பிய தாளைக் கொடுங்கள், கூடவே அரைப் பக்கம்: என்ன கேள்வி, யாரைக் கேட்கப்போகிறோம், எவ்வளவு செலவு, எந்தத் தேதியில் நிறுத்துவோம். நிறுத்தும் தேதி இருந்தால் சம்மதம் சுலபமாகக் கிடைக்கும்.

"சரி, எத்தனை தடவை பார்க்கறது? எப்ப விடறது?"

மூன்று சுற்று. முதல் சுற்றில் மூன்று பதிலுக்குக் குறைவாக வந்தால் கேள்வியில் கோளாறு, திருத்தி எழுதுங்கள். இரண்டாவது சுற்றில் பதில்கள் வந்தும் எதுவும் ஓட்டிப் பார்க்கத் தகுதியில்லை என்றால் தரவு போதவில்லை, அல்லது கேட்ட ஆட்கள் தவறு. மூன்றாவது சுற்றில் இரண்டு யோசனைகளை ஓட்டியும் 150 தாள் 140க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அந்தக் கேள்வியை மூடிவிடுங்கள். ஓட்டிய யோசனை, ஓட்டிய வேலைகள், வந்த எண் மூன்றையும் முடிவுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு புதிதாகச் சேரும் ஆபரேட்டர் அதே மெஷினுக்கு அதே யோசனையோடு வந்து நிற்பார்.